பிறைக்குக் காத்திருந்த ஹால் அக்ரிமெண்டு

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹோட்டலின் பின்வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அதிலிருந்து எட்டு ஆடுகள் இறங்கின. பார்த்ததுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன்தான் நான். ஆனால் அன்றைக்குக் காரணம் இருந்தது.

அப்போது நான் பினாங்கு ஜார்ஜ்டவுனில், கடலைப் பார்த்தாற்போல் இருந்த ஒரு பெரிய ஹோட்டலில் புக்கிங் கிராணி, அதாவது குமாஸ்தா. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு அந்த மேசை கிடைத்ததே பெரிது. டான்ஸ், டின்னர் என்று ஹால் கேட்டு வருகிறவர்களிடம் அக்ரிமெண்டு எழுதிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் அந்த வாரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1. முதலாளி சொன்ன தேதி

நோன்பு மாதத்தின் நடுவில் காதர் முதலாளி வந்தார். பினாங்கு வீதியில் துணி வியாபாரம். பெருநாள் பகல் விருந்தை எங்கள் ஹாலில் வைக்கவேண்டும் என்றார். நம் ஆட்களில் அந்த ஹாலைக் கேட்டு வந்த முதல் மனிதர் அவர். சமையல் அவருடைய பண்டாரி. ஹாலும் ஐஸும் பரிமாறும் ஆட்களும் எங்களுடையது.

"எழுது கிராணி, புதன்கிழமை பகல்."

"முதலாளி, பிறை தெரியலன்னா பெருநாள் ஒருநாள் தள்ளிப்போகுமே?"

"காலண்டர்லயே சிவப்பு மையில போட்டிருக்கான்லா. நோம்பு பிடிக்கிறது நான், மூஞ்சி வாடிப்போறது உனக்கா?"

எழுதினேன். நாலாம் ஷரத்தை மட்டும் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்: விருந்துக்கு ஏழு நாளுக்குள் தேதியை மாற்றினால் அது ரத்து என்றே கணக்கு, முழு வாடகையும் கட்டவேண்டும். அவர் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மானேஜர் துரை காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது நீ கொண்டுவந்த ஆள். குழப்பம் ஏதாவது வந்தால் அடுத்த மாதம் இந்த மேசையில் வேறு கிராணி உட்கார்ந்திருப்பான்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கேட்டார்கள், நீயும் நோன்பா என்று.

2. மேகம்

அந்தச் செவ்வாய்க்கிழமை, வண்டியில் வந்த ஆடுகளைப் பண்டாரி பின்கட்டு மரத்தில் கட்டினார். பெரிய உருவம், சின்னக் குரல்.

"அண்ணே, துரைங்க டீ குடிக்கிற நேரம். இங்கயா கட்டுறது?"

"ஆடும் துரையப் பாக்கட்டும்லா."

"அறுத்துக் கறியாக் கொண்டுவரக் கூடாதா?"

"பிறை பாத்துப் பள்ளிவாசல்ல நகரா அடிக்காம என் கத்தி உறையை விட்டு வராது தம்பி. நாம பாட்டுக்கு அறுத்துட்டு, பிறை தெரியலன்னு வை. ஊரே நோம்பு இருக்கும், கறி மட்டும் நாறும்."

சாயங்காலம் இரண்டு பேரும் கடற்சுவர் ஓரம் நின்று மேற்கே பார்த்தோம். மலைக்குமேல் கருமேகம் போர்வை மாதிரி மூடிக் கிடந்தது. நோன்பு திறந்தார்கள். பெருநாள் நகரா மட்டும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முதலாளியின் ரிக்‌ஷா வந்தது.

"எங்கேயும் பிறை தெரியலயாம். நாளைக்கும் நோம்பு. வியாழக்கிழமைக்கு மாத்திக்க."

"நாலாம் ஷரத்துப்படி இது ரத்து முதலாளி. முழு வாடகையும்..."

"சாப்பிடாத விருந்துக்கு வாடகையா? மேகத்துக்கிட்ட போய் வாங்கிக்க."

"வியாழக்கிழமை ராத்திரி வேற டான்ஸ் இருக்கு. காலையிலயே மேம்கள் வந்து காகிதத் தோரணம் கட்டுவாங்க."

அவர் குரல் இறங்கிவிட்டது. "ஊரெல்லாம் சொல்லிட்டேன் தம்பி. இந்த ஹால்லதான் விருந்துன்னு சொல்லிட்டேன்."

வேறு வழியில்லாமல் மூன்று பேரும் துரையின் அறைக்குப் போனோம். விஷயத்தைச் சொல்லி அக்ரிமெண்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்தேன். துரை நாலாம் ஷரத்தைப் படித்தார். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டில் ஒரு ஆடு கத்தியது.

"அது என்ன சத்தம்?"

"ஆடு, சார். நாளைய விருந்துக்கு."

"நாளை விருந்து. இன்னும் உயிரோடு இருக்கிறதா?"

பண்டாரிதான் மலாயில் பதில் சொன்னார்: பிறை தெரியாமல் அறுப்பதில்லை, துவான்.

துரை என் பக்கம் திரும்பி, "ஐஸ் சொல்லியாயிற்றா?" என்றார். விடிகாலையில்தான் சொல்வோம் என்றேன். "மேசை போட்டாயிற்றா?" இல்லை என்றேன்.

துரை ஹோட்டலுக்கு வருமுன் கப்பலில் சாப்பாட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். "விருந்து வேண்டாம் என்று கடைசி நேரத்தில் சொன்னவர்களால் எத்தனையோ கோழிகளைக் கடலில் கொட்டியிருக்கிறேன். அந்த எரிச்சலில் எழுதியதுதான் நாலாம் ஷரத்து. இங்கே கொட்டுவதற்கு ஒன்றுமே இல்லையே. எதற்கு வசூலிப்பது?" என்றார். புதன்கிழமையை அடித்து வியாழக்கிழமை என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"மூன்று மணிக்கு ஹால் காலியாக வேண்டும். தோரணம் அறுந்தால் இரண்டு வாடகை."

நான் தமிழில் சொன்னேன். முதலாளிக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "தோரணத்தை நாங்க திங்கமாட்டோம்னு சொல்லு."

3. தோரணத்துக்குக் கீழே

வியாழக்கிழமை பகல் டான்ஸ் தரையில் பாய் விரித்து, சஹன் என்ற பெரிய தட்டுக்கு நாலு பேராக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். தலைக்குமேல் இளஞ்சிவப்புத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. நான் அண்ணாந்தே நின்றதில் கழுத்துப் பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு முன்பே பாயைச் சுருட்டியாயிற்று. தோரணத்தைச் சோதிக்க வந்த மேமுக்கு முதலாளி ஒரு தட்டு அனுப்பினார். அந்த மேம் நின்றபடியே அதைக் காலி செய்துவிட்டு, தோரணத்தைப் பார்க்க மறந்து போய்விட்டார்.

துரை என் மேசைப் பக்கம் வந்தார். எழுந்து நின்றேன். "அடுத்த வருஷமும் அந்த ஆளைக் கொண்டு வா" என்றார். அன்று அக்கரையில் இருந்த வீட்டுக்குத் திரும்பும்போது, ஃபெர்ரியில் பட்டர்வொர்த் வந்ததுகூடத் தெரியாமல் தூங்கிவிட்டேன். கப்பல்காரன் தட்டி எழுப்பினான். பாகான் டாலாம் வீட்டுக்குப் போய் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப்பின் பெருநாள் விருந்து என்று யார் வந்தாலும், இரண்டு நாளையும் பிடித்துவைத்து, "நகரா அடித்த மறுநாள்" என்றுதான் எழுதினேன். துரையும் அதற்குக் கையெழுத்துப் போட்டார். வேறு விருந்தை ரத்து செய்ய யாராவது வந்து நின்றால், ஷரத்துக் காகிதத்தை உடனே எடுக்கமாட்டேன். முதலில் பின்கட்டுக்குப் போய், எதை அறுத்தாயிற்று, எது இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் பேசுவேன்.