வாழைமரம் கட்டிய காட்டு வீடு

என் வீட்டுக்காரர் பாலகிருஷ்ணன் கோலார் தங்கவயலில் பதினேழு வருஷம் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு வந்தோம். பொம்மனஹள்ளியில் வாடகை வீடு. அவருக்கு ஹெப்பகோடியில் ஒரு கம்பெனி கார் நிறுத்தத்தில் செக்யூரிட்டி வேலை. தலையெழுத்தைப் பாருங்கள், அந்தக் கார் நிறுத்தமும் தரைக்குக் கீழே மூன்றாவது தளம். ஓய்வு பெற்றதும் மனுஷன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சுற்றிலும் வானம் தெரிகிற மாதிரி ஒரு வீடு.

மொட்டை மாடிக்குப் போனால் பொம்மனஹள்ளியிலும் வானம் தெரிகிறது என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழவில்லை. ஆனேக்கல் தாண்டிக் காட்டோரமாக அரை ஏக்கர் கல்லும் முள்ளும் வாங்கினார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் நடை. இரண்டு வருஷம் வாரத்தில் பாதி நாள் அங்கேயே கிடந்து, ஹாலோ பிளாக் கல்லும் தகரக் கூரையுமாக ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் எழுப்பினார். கரன்ட் இல்லை. போனில் சிக்னல் இல்லை. கக்கூஸ் அறுபது அடி தள்ளிப் புளியமரத்தடியில். "காத்து வாங்கினே போலாம் தனம்" என்றார், ஏதோ ஊட்டிக்குக் கூட்டிப் போகிறவர் மாதிரி.

நானும் ஒரு கண்டிஷன் போட்டேன். "ஒரு வாரம் இருந்து பாக்கறேன். புடிச்சா வாடகை வீட்டக் காலி பண்ணிட்டு வரேன். புடிக்கலன்னா இத்த வித்துடணும். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

தலையாட்டினார். அன்றிலிருந்து எனக்கு நடந்த உபசாரம் கல்யாணத்தின்போதுகூட நடந்ததில்லை. என் உயரத்துக்கு அளவெடுத்து அலமாரி அடித்தார். முட்டி வலிக்குமென்று அடுப்பு மேடையை ஒருமுறை இடித்து மறுபடி கட்டினார். பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குட்டைக்குப் போகும் வழியில் முள்ளை வெட்டிப் பாதை போட்டு, அங்கே உட்காரக் கல் பெஞ்சு வேறு. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் காட்டிலாகா வாட்சர் வந்தார். நான் இறக்கி வைத்திருந்த இரண்டு குலைதள்ளிய வாழைமரத்தையும் கரும்புக் கட்டையும் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "பாளெ கிட பேடம்மா. ஆனெ பருத்தெ" என்றார். வாழை வேண்டாம், யானை வரும் என்கிறார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "மாவெல மட்டும் கட்டிக்கலாமே தனம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுநாள் அவருடைய அக்கா பாகீரதி தங்கவயலிலிருந்து ஒரு வேன் ஜனத்தோடு வருகிறாள். அவள் நாக்குக்கு ஆனையும் அம்பாரியும் கிட்டே நிற்க முடியாது. "வாழமரம் இல்லாம பால் காய்ச்சறதுக்கு இது இன்னா கருமாதி வூடா? ஒங்க அக்கா என்னத்தான் பேசும், ஆனைய இல்ல" என்றேன். அவர் கயிறு எடுத்து வந்து வாசலில் இரண்டு பக்கமும் கட்டினார். பாகீரதி அண்ணி வந்து வடையில் உப்பில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நாலு மணிக்குள் வேன் ஏறினாள். நான் ஜெயித்தேன்.

மறுநாள் விடிந்து ஆறு மணி இருக்கும். அவர் புளியமரத்துப் பக்கம் போயிருந்தார். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஏதோ ஒடிகிற சத்தம். ஜன்னலில் பார்த்தால் ஒற்றைக் கொம்பன் யானை. பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி மாதிரி, அவசரமே இல்லாமல் இலை, தண்டு, குலை என்று ஒன்று பாக்கி வைக்காமல் சாப்பிட்டது. முடித்ததும் உள்ளே மிச்சமிருந்த வெல்லத்தின் வாசனைக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் திரும்பியது. நான் அறைக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்ததுதான் தாமதம், சமையற்கட்டுச் சுவர் அலமாரியோடு சரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். முறுக்கு டப்பா உருள்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அது போன பிறகு அவர் ஓடி வந்தார். என் தலை, தோள், கை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சத்தம் கேட்டு வந்த வாட்சர், வாழையைக் கட்டியது யார் என்று கத்தினார். "நாந்தான் கட்டினேன்" என்றார் இவர். அப்போதே சொன்னேனே என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பேன். சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

வாட்சர் போனதும், உடைந்த கல்மேல் உட்கார்ந்து, "வித்துடலாம் தனம்" என்றார்.

"ஒரு நாள்தான ஆச்சு. நான் ஒண்ணும் சொல்லலியே."

"நான் சொல்றேன். மரத்தாண்ட நின்னுனே இருந்தேன். செவுரு வுழற சத்தம் கேக்குது, உன் சத்தம் கேக்கல. கால் நவுரல. முக்கா மணி நேரம். இனிமே இங்க என்னால முடியாது."

பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான்.

"சொரங்கத்துக்குள்ள பாறை வெடிச்சா சங்கு ஊதுவாங்களே, ஞாபகம் இருக்குதா?" என்றேன். "லைன் வூட்டுப் பொம்பளைங்க எல்லாம் போய் சொரங்க கேட்டாண்ட நிப்போம். ஆளுங்கள ஏத்தினு கூண்டு மேல வரும். ஒவ்வொரு மூஞ்சியா பாப்போம். ஒரு தடவ காலைல போனவ சாயந்திரம் வரைக்கும் நின்னேன், வயித்துல புள்ளயோட. நீங்க வந்து எறங்கி, சோறு ஆக்கிட்டியான்னு கேட்டீங்க."

அவர் கீழே கிடந்த முறுக்கு டப்பாவை எடுத்து மண்ணைத் தட்டினார். "ஒரு நாளும் சொன்னதில்லியே" என்றார்.

"நீங்க கேட்டதில்ல."

வீட்டை விற்கவில்லை. விற்க நான் விடவில்லை. சுவர் எழும்பி, வாடகை வீட்டைக் காலி செய்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் கிட்டத்தில் சுள்ளி பொறுக்கப் போனால்கூட அவர் வாசலில் வந்து நின்றுகொள்கிறார். கொஞ்சம் தாமதமானால், "தனம், தனம்" என்று குரல் கொடுக்கிறார். எனக்கு நன்றாகக் கேட்கும். உடனே பதில் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் நிற்கட்டும்.