மீனெண்ணெய் பூசிய மோட்டார் சைக்கிள்

என் கணவருக்குக் கணக்கு நன்றாக வரும். அது ஒன்றுதான் வரும். சாத்தான்குளத்தில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை, நாலு பேர் மதிக்கிற குடும்பம். இத்தனையும் இருந்தும் மனுஷன் எங்கள் முன்னறையில் ஒரு பிணத்தைப் போட்டு வைத்திருந்தார். யுத்த காலத்துக்குப் பிறகு பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட வெள்ளைக்கார மோட்டார் சைக்கிள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அது ஓடிய நாளைவிடப் பிரித்துப் போட்டுக் கிடந்த நாள்தான் அதிகம். வீட்டுக்கு யார் வந்தாலும் அடுப்படிதான். போதகர் ஐயாவே அம்மிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். எனக்கு மானம் போயிற்று.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், பழைய வண்டிப் பிரியர்களெல்லாம் தூத்துக்குடியில் ஒரு மைதானத்தில் கூடுகிறார்கள் என்று செய்தி வந்தது. விதி ஒன்றே ஒன்று: வண்டி தன் எஞ்சினில் ஓடி வந்து சேர வேண்டும். விடுவேனா? வேதப்புத்தகத்தின் மேல் அவரைக் கை வைக்கச் சொன்னேன்.

"ஓடிப் போய்ச் சேர்ந்தா வீட்டுல கெடக்கட்டும். சேரலன்னா பழைய இரும்புக்காரனுக்கு. சத்தியமா?"

"சத்தியமாத்தான் சொல்லுதேன்" என்றார்.

சாட்சிக்கு நானும் பின்னால் ஏறுவதென்று முடிவாயிற்று. முன்னறையில் நாலு நாற்காலியும் என் தையல் மிஷினும் எங்கே வரும் என்று மனசுக்குள் இடம்கூட அளந்துவிட்டேன்.

முந்தின நாள் அவர் குலசேகரன்பட்டினத்துக்குப் போய் மீனெண்ணெய் வாங்கி வந்தார். வள்ளத்துப் பலகைக்கு அதைத்தான் பூசுகிறார்களாம். உப்புக்காற்று அண்டாதாம். வள்ளம் தண்ணீரில் போகிறது, நாம் தேரிக்காட்டு மணல்மேடுகளுக்கு நடுவே போகிறோம் என்கிற வித்தியாசம் வாத்தியார் மூளைக்கு எட்டவில்லை. கைப்பிடி முதல் கடைசி ஆணிவரை தடவினார். எஞ்சின் மூச்சிழுக்கும் வாயில் ஒரு கம்பி வலை இருந்தது. அதையும் விடவில்லை.

"அதுக்கு எதுக்கு எண்ணெய்?"

"ஒனக்குத் தெரியாது. சும்மா கெட."

படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

விடிந்ததும் கிளம்பினோம். தேரியின் சிவப்பு மணல் ஆடிக்காற்றில் எழும்பி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. திருச்செந்தூர் வருவதற்குள் வண்டி செங்கல் சூளையிலிருந்து இழுத்து வந்த மாதிரி ஆகிவிட்டது. என் வெள்ளைச் சேலையும் அதே நிறம். மீன் வாடைக்கு ஊருக்கு ஊர் நாய்கள் துரத்தின. ஆனால் பாவி வண்டி ஓடிற்று. சாகுபுரம் தாண்டியது, ஆற்றுப் பாலம் தாண்டியது, என் வயிறு எரிந்தது. உப்பளங்கள் தெரிந்த பிறகுதான் ஆண்டவர் கண் திறந்தார். இரண்டு தரம் இருமிவிட்டு வண்டி நின்றது.

கம்பி வலையில் மண் அடையாக அப்பியிருந்தது. துடைத்தார், ஊதினார், உதைத்தார். மண் உள்ளேயும் இறங்கியிருந்தது. மைதானத்துக் கொடிகள் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான்.

"ஏளா, கொஞ்சம் தள்ளுதியா?"

"தள்ளுதேன். சத்தியம் ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு" என்றார். குனிந்து கைப்பிடியைப் பிடித்தார். எனக்குப் பரம சந்தோஷம்.

மைதானத்துக்கு முன்னால் ரோட்டை மறைத்து முள் அடர்ந்த உடைமரங்கள் நின்றன. அந்த மறைவில் ஒரு லாரி. போர்வை சுற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஆறு பேர் கயிறு கட்டிப் பலகை வழியாக இறக்கினார்கள். டை கட்டிய கனவான் ஒருவர் போர்வையை உருவினார். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முகத்தில் பூசிக்கொண்டார். அப்புறம் ஏறி, ஒரு பர்லாங்கு ஓட்டி உள்ளே போனார். கைதட்டல் எங்கள் காதுவரை வந்தது. நான் காறித் துப்பினேன்.

வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தவர் எங்களைக் கண்டதும் மூக்கைப் பொத்தினார். "என்ன சார், மீன் யாவாரமா? ஓட்டிட்டு வந்ததா, தள்ளிட்டு வந்ததா?" பக்கத்தில் நின்ற டைக்காரர் சிரித்தார்.

என் கணவர் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த மனுஷனுக்குப் பொய் வராது, அதுவும் ஒரு குறை. வேர்வையும் தேரி மண்ணுமாக அவர் நின்ற நிலையைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. இவரை ஏச எனக்கு உரிமை உண்டு. இந்தப் பயல்களுக்கு என்ன உரிமை?

"சாத்தான்குளத்துல இருந்து ஓட்டிட்டுத்தான் வாரோம்" என்றேன். "வாசல்ல மரியாதைக்கு அணைச்சிருக்கு. லாரியில வந்தவங்கள இப்படிக் கேட்டீயளா?"

டைக்காரரின் சிரிப்பு நின்றது. 'ஓட்டி வந்தது' என்று பதிவேட்டில் ஏறியது.

கோப்பை டைக்காரருக்குத்தான் போயிற்று, அதில் எனக்கு ஆச்சரியமில்லை. யாரோ மண்ணைக் கழுவிக் கொடுத்து வண்டி கிளம்பியது. பொழுது சாய வீடு வந்து சேர்ந்தோம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் அவர் வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எங்க?"

"இரும்புக் கடைக்கு. ஓடிப் போய்ச் சேரலையே."

அவர் முதுகுக்குப் பின்னால் முன்னறை காலியாகக் கிடந்தது. நாலு நாற்காலிக்கு மேலேயே போடலாம். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஓட்டி வந்ததுன்னு எழுதியாச்சு. என்னப் பொய்க்காரி ஆக்காதீங்க. உள்ள விடுங்க."

உள்ளே விட்டார். தையல் மிஷின் அடுப்படிக்குப் போயிற்று, இருபது வருஷம் அங்கேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு, வேதக்கோயிலில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கும் முறை என்னுடையது. எட்டு வரைக்கும் ஒழுங்காகச் சொன்னேன். பொய்ச்சாட்சி கூடாது என்கிற ஒன்பதை விட்டுவிட்டுப் பத்துக்குப் போனேன். பிள்ளைகள் கவனிக்கவில்லை. கணக்கு வாத்தியார் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.