ஜெபராஜைத் தவிர யாரையாவது

பொறாமையால் ஒரு கார் பேட்டரியைச் சாகடிக்க முடியும். நான் செய்திருக்கிறேன்.

வேதத்தை மூன்று மொழிகளில் படித்தவன் நான். பிறர் பொருளை இச்சியாதே என்ற பத்தாம் கட்டளையை மூன்றிலும் மீறியவன். எங்கள் காக்ஸ் டவுன் சபையில் ஜெபராஜ் என்று ஒரு தம்பி. ஏழைக் குடும்பங்களுக்கென்று சபைப் பெண்கள் சேர்க்கும் கைப்பிடி அரிசியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். நல்ல குரல். தலை நிறைய முடி. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஈஸ்டர் முடிந்ததும் பெரிய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினார். போதகர் அதன்மேல் கைவைத்து ஜெபித்த ஜெபம், என் காருக்குச் செய்ததைப் போல இரண்டு மடங்கு நீளம். அடுத்த ஞாயிறு அதன் பக்கத்தில் என் காரை நிறுத்தினேன். அது போட்ட குட்டி மாதிரி இருந்தது என் கார்.

அன்றோடு காரைக் கவர் போட்டு மூடினேன். "டிராஃபிக்" என்று சொல்லிக்கொண்டு சபைக்கு ஆட்டோவில் போனேன். மாதக்கணக்காகச் சாவியைத் தொடவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, விடிகாலை, நல்ல மழை. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இன்ஹேலருக்கு அடங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. ஆட்டோ கிடைக்கவில்லை, ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். அவளைத் தாங்கிக்கொண்டுபோய்க் காரில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். டிக். மறுபடியும் டிக். அவ்வளவுதான். ஓட்டாமல் கிடந்த பேட்டரி செத்திருந்தது.

பக்கத்தில் அவள் மூச்சு விசிலடித்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்." அந்த நேரத்திலும் மனசு வாலை நீட்டியது: "ஜெபராஜைத் தவிர."

ஆண்டவர் முன்பாதிக்கு மட்டும் செவிகொடுத்தார். வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது.

"என்னண்ணா, ஸ்டார்ட் ஆகலியா?"

"தம்பி, பேட்டரிக்குப் பேட்டரி மாட்டுற கேபிள் வெச்சிருக்கீங்களா?"

"கேபிள் கெடக்கட்டும்ணா! அண்ணியப் பாருங்க. மொதல்ல என் வண்டில ஏத்துங்க!"

ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். ஸ்டெல்லாவை மடியில் சாய்த்திருந்தேன். சீட் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதையும் கவனித்தேன், கர்த்தர் மன்னிப்பாராக. "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்ற டாக்டர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவள் பிழைத்தாள். ஸ்தோத்திரம். இப்போது பேட்டரி புதுசு. ஞாயிறுதோறும் அந்த வெள்ளைக் காருக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறேன். வயிறு கொஞ்சம் எரிகிறது, ஆனாலும் நிறுத்துகிறேன். பிரியமானவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். யார் கையில் கொடுத்தனுப்புவது என்பதை மட்டும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

இதைச் சபையில் சொல்லி முடித்தபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் ஜெபராஜ் என்னை ஓரமாக அழைத்தார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஆட்டோல வர்றதப் பாத்து, கஷ்டத்துல கார வித்துட்டீங்கன்னு பேசிக்கிட்டாங்க. யாரும் பாக்க வேணாம்னுதான் அன்னிக்கு விடியக்காலையில கைப்பிடி அரிசி கொண்டாந்தேன். இன்னும் டிக்கிலதான் இருக்கு. எடுத்துக்கறீங்களா?"