சேதிக்கு முன் சோறு

விளிம்பு நெளிந்த அந்த எவர்சில்வர் தட்டைப் பார்த்தாலே எங்களுக்குப் பசி பறந்துவிடும். பெங்களூர் அல்சூரில் மாடி அறைகளில் வாடகைக்கு இருந்த நாங்கள் எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து பீன்யா தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள். போன் இருந்தது கீழே வீட்டுக்கார அக்காவிடம் மட்டும். ஊரில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும், தேறினாலும், சேதி முதலில் அவர் காதுக்குத்தான் வரும். கெட்ட சேதியை வெறும் வயிற்றோடு கேட்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். பக்கத்து அறைக்காரனின் அப்பா தவறிய அன்று, "மொதல்ல ஊட்டா, சாப்டு, அப்புறம் பேச்சு" என்று கன்னடமும் தமிழுமாக அவனை அதட்டி உட்காரவைத்தார். அந்தத் தட்டில் தோசை போட்டு, அவன் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். காரியமெல்லாம் முடியும்வரை அவன் வாயில் பச்சைத் தண்ணீர் படாது என்று அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டாலே எங்களுக்குக் கிலி.

என் அம்மாவுக்கு வேலூரில் இதய ஆபரேஷன் நடந்தபோது நான் கூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது, லீவு கிடைக்கவில்லை. அண்ணன்தான் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான் மெஷின் முன்னால் நின்றேனே தவிர, மனசு வேலூரில் கிடந்தது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தால், வாசலில் அக்கா நிற்கிறார். கையில் அந்தத் தட்டு.

"வா கண்ணு, கைகால் கழுவிட்டு வந்து சாப்டு."

கேட்கவும் பயம். உட்கார்ந்தேன். தட்டில் சித்ரான்னம், பக்கத்தில் நெய் மிதக்கும் கேசரி. சாவுச் சேதிக்கு யாராவது கேசரி கிண்டுவார்களா என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. அழுதுகொண்டே விழுங்கினேன்.

"இன்னாடா, காரமா?"

"சொல்லிடுங்கக்கா. அம்மா எப்போ..."

அக்கா திருதிருவென்று விழித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! உங்கம்மா கண்ணு முழிச்சு உங்கண்ணன்கிட்ட பேசினாங்களாம்டா. அந்த சந்தோஷத்துலதான்டா கேசரி கிண்டுனேன்!"

சொல்லிவிட்டு அவரும் அழுதார். எச்சில் கையோடு நான் அவர் காலைத் தொடப் போக, "மொதல்ல அதைத் தின்னு முடி" என்றார். பெற்றவளைப் போலவே இந்த அக்காவையும் எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு நல்ல சேதி என்றால், தெருமுனையில் எங்கள் தலை தெரிந்ததுமே கத்திவிடுவார்.

இப்போது ஆளுக்கொரு செல்போன். நடுரோட்டில் நின்றாலும் சேதி காதில் வந்து விழுகிறது, சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை.

போன வாரம் அக்காவுக்கு வயிற்றில் இருந்த கட்டியை எடுத்தார்கள். அவர் மகள் வெளிநாட்டில் இருப்பதால், பரிசோதனை முடிவை டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அக்கா வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்த அந்தப் பழைய தட்டிலேயே இட்லியை வைத்து எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனேன். "சாப்பிடுங்கக்கா" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

"நல்ல சேதிக்கா! சாதாரணக் கட்டிதானாம்!" வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டைப் பார்த்தார்.

"அப்போ கேசரி எங்கடா?"