அளவுக் கால்

தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்திருப்பீர்கள். அளவுக் கால் கொடுத்திருக்கிறீர்களா?

நான் கொடுத்திருக்கிறேன். சைகோனில், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், என் இடது கால்தான் இன்னொரு பெண்ணுக்கு அளவு. பந்தாவுக்குச் சொல்லவில்லை. வேண்டுமானால் என் அம்மாவைக் கேளுங்கள். ஆனால் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எங்கள் வீடு 'பென் தான்' என்ற பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது. அப்பா ஒரு துணி இறக்குமதிக் கடையில் கணக்கர். அம்மாவின் தம்பியை, அதாவது என் மாமாவை, காரைக்காலிலிருந்து அதே கடைக்கு வரவழைத்தார். மாமாவுக்கும் அந்த வேலைக்கும் ஒத்துவரவில்லை. மடிப்புக் கலையாத கால்சட்டை, தலையில் வாசனை எண்ணெய், காதில் ஒரு சிகரெட் என்று கொஞ்ச நாள் ஊர் சுற்றிவிட்டு, சீனர்கள் பேட்டையான சோலோனில் ஒரு பட்டறையில் போய்ச் சேர்ந்தார். அங்கே கால் செய்தார்கள். போரில் கால் போன சிப்பாய்களுக்கு மரத்திலும் அலுமினியத்திலும் கால். இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தைகளுக்கு வேறு சாமான்: காலின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நடுவில் தோல் வார், முழங்காலுக்கு நேரே ஒரு மடக்கு, கீழே ஒரு பூட்ஸ். காலிப்பர் என்பது அதன் பெயர். எங்கள் வீட்டில் அதற்கு 'இரும்பு' என்றுதான் பேச்சு.

வாரம் முழுக்க அங்கே சிப்பாய்கள் வரிசை. குழந்தைகளின் இரும்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. அம்மாவுக்கு வீட்டில் நிம்மதி வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் மாமாவோடு துரத்திவிடுவாள். அப்படிப் போன ஒரு நாளில்தான் லானைப் பார்த்தேன்.

ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் துணிக்கடை வைத்திருந்த காரைக்கால்காரர் ஒருவரின் மகள் அவள். அம்மா வியட்நாம்காரி. இளம்பிள்ளை வாதம் வந்து லானுக்கு இடது கால் சூம்பியிருந்தது. எனக்கும் அவளுக்கும் ஏழு வயது. இரண்டு பேரையும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கவைத்து, அவள் தூக்கிக் கட்டியிருந்த கொண்டையை மாமா அடிக்கோலால் அழுத்திப் பார்த்தார். மயிரிழை வித்தியாசம் இல்லை. அச்சில் வார்த்ததுபோல இருக்கிறோம் என்று துணிக்கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். லான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தபடி என் காலை மேலும் கீழும் பார்த்தாள். அப்பாவிடம் கற்ற தமிழில் நிதானமாகச் சொன்னாள்.

"காலு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரே அழுக்கு."

அவளை எனக்கு உடனே பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

ஏனென்றால் சாலை போய்விட்டது. கண்ணிவெடி என்றார்கள், பாலம் இல்லை என்றார்கள். நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரும் அந்தப் பக்கமிருந்து பஸ் ஏறமாட்டார்கள். துணிக்கடைக்காரர் மட்டும் சரக்குப் படகுகளில் மாறி மாறி வருவார். அவர் வருவது நிற்கவில்லை. லான் வளர்வதும் நிற்கவில்லை. அதுதான் சிக்கல். வளர்கிற பிள்ளைக்கு இரும்பு சீக்கிரம் குட்டையாகிவிடும். குட்டையான இரும்பைப் போட்டு நடந்தால் இருக்கிற காலும் கோணும்.

முதல் தடவை அவர் மகளின் காலை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். மாமா அந்த நூலை நம்பிச் செய்துகொடுத்தார். அடுத்த படகில் இரும்பு திரும்பி வந்தது. மடக்கு முழங்காலுக்குக் கீழே போய் நிற்கிறதாம். போட்டால் நிற்கலாம், உட்கார முடியாது. நூல் ஈரத்தில் சுருங்கியதா, அவர் பாசத்தில் இழுத்துப் பிடித்தாரா, தெரியாது. மாமா தலையைச் சொறிந்தார். அப்புறம் அவர் கண் என்மேல் விழுந்தது.

ஒரு பெரிய பழுப்புத் தாளைத் தரையில் விரித்து என்னைப் படுக்கச் சொன்னார். எனக்குச் சிலை செய்யப்போவதாகச் சொன்னார். செலவு அதிகமாம், அதனால் இந்த வருஷம் இடது கால் மட்டும். தட்டைப் பென்சிலால் என் காலைச் சுற்றி அவர் கோடு இழுக்கும்போது கூசியது. சிரித்தால் சிலை கோணலாகிவிடும் என்று மிரட்டினார். பள்ளிக்கூடத்தில் போய் என் சிலையைப் பற்றி நான் அளந்த அளப்பில் வகுப்பே கிறங்கியது. எந்தச் சதுக்கத்தில் வைப்பார்கள் என்று ஒருத்தி கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். எங்கள் கன்னியாஸ்திரீ மசேர் மட்டும், புனிதர்களுக்குத்தான் சிலை வைப்பார்கள் என்று பிரெஞ்சில் சொல்லி என்னை மூலையில் நிற்கவைத்தார்.

சிலை தயாரானதும் பார்த்தால் இரண்டு கம்பி, நாலு வார், ஒரு பூட்ஸ். இது லானுக்கு என்று மாமா கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னார். அழ ஆரம்பித்தேன். அழுகையை நிறுத்த அவர் அதை என் காலிலேயே மாட்டிவிட்டார். உண்மையில் அவருக்கும் அது தேவைப்பட்டது. நான் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும், கழற்றியதும் என் தோல் எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே வாருக்குள் பஞ்சு வைப்பார். பட்டறை முற்றத்தில் நடந்தேன். கிளிங், டக். கிளிங், டக். இவ்வளவு நல்ல சத்தம் என்னிடமிருந்து அதுவரை வந்ததில்லை. முறை வராமல் ஞாயிறன்றும் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒற்றைக்கால் சிப்பாய் ஒருவன், இரண்டு கால் வைத்திருப்பவளுக்கு மூன்றாவதும் வேண்டுமாம் என்று வியட்நாமிய மொழியில் சொல்ல, வரிசையே சிரித்தது. அவனுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் கூட இருக்கும்.

இப்படியே நடந்தது. நான் வளர்வேன், மாமா தாள் விரிப்பார், இரும்பு ஆற்றுப் பக்கம் போகும். துணிக்கடைக்காரர் அதைக் கைலியில் சுற்றும்போது பூட்ஸை மட்டும் வெளியே தெரியும்படி விடுவார். வழியில் சோதனைக்காரர்கள் உள்ளே இருப்பது துப்பாக்கி என்று நினைத்துவிடக் கூடாதே. லானுக்கு எல்லாம் கச்சிதமாக இருக்கிறதாம். எனக்கென்று அவள் ஒவ்வொரு தடவையும் தேங்காய் மிட்டாய் கொடுத்தனுப்புவாள். கூடவே, கால் கழுவினாயா என்று ஒரு கேள்வியும்.

கெடுத்தது என் அலட்டல்தான். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். முந்தின ஞாயிறு முடியாத ஓர் இரும்பை மாமா வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு, அம்மாவுக்குக் காட்டலாம் என்று தெருவில் இறங்கினேன். கிளிங், டக். சந்தையில் வழிவிட்டார்கள். சிக்லோ ரிக்‌ஷாக்காரர் ஒருவர் காசு வேண்டாம், ஏறு என்றார். கோயில் வாசலில் பூ விற்கும் வியட்நாமியப் பெண் தன் முக்காலியில் என்னை உட்காரவைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் மடியில் வைத்தாள். நான் ராணிபோல ஒரு பழத்தை உரிக்கும்போது அம்மா வெளியே வந்தாள்.

அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அறை விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அம்மா மண்டியிட்டு வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பழச் சீப்பை அங்கேயே விட்டாள். ஒரு கையில் இரும்பு, ஒரு கையில் நான், வீடு வரை இழுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டில் மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்குப் புள்ள இரும்ப எம்புள்ள கால்ல மாட்டி ஊர்கோலம் உட்ரியா? கண்ணு பட்டு இதுக்கும் வந்துச்சுன்னா நீ வந்து தூக்குவியாடா?"

"அக்கா, இது ஒட்டுவாரொட்டி இல்லக்கா. வெறும் இரும்பு."

"வெறும் இரும்புன்னா நீ மாட்டிக்கிட்டுப் போ."

அத்தோடு எனக்குப் பட்டறை தடை. தாள் தடை, பென்சில் தடை. மாமா சும்மா இருப்பாரா? அம்மா அடுப்படியில் இருக்கும்போது என் பக்கத்தில் வந்து நிற்பார். ஏதோ பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிப்பதுபோல, என் முழங்கால் அவர் காலில் எங்கே வருகிறது என்று பார்த்து, கால்சட்டையில் சாக்பீஸால் சின்னதாக ஒரு கோடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். கோடு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே ஏறும். எங்கள் தந்திரத்தை நினைத்து எனக்கு ஒரே பெருமை. அந்தக் கால்சட்டையை வீட்டில் யார் துவைத்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

எனக்குப் பதினொன்று ஆனபோது ஊரைக் காலி செய்கிற நேரம் வந்தது. பீரங்கிச் சத்தம் சந்தைக் கூச்சலோடு சேர்ந்து கேட்க ஆரம்பித்திருந்தது. அப்பா கடை முதலாளியின் உதவியில் விமானத்தில் இடம் பிடித்தார். மாமா வரவில்லை. கை வேலை கொஞ்சம் பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றார். வரிசை அப்போது பட்டறைக்கு வெளியே தெருமுனை வரை இருந்தது.

புறப்படுவதற்கு முன்தினம் மத்தியானம் துணிக்கடைக்காரர் எங்கள் வீட்டுக்கே வந்தார். இந்தத் தடவை சரக்கு இல்லை, மிட்டாயும் இல்லை. கட்டி வைத்த பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இனிமேல் படகும் ஓடுமா என்பது சந்தேகம் என்று மாமாவிடம் மெதுவாகச் சொன்னார். இதுதான் கடைசி இரும்பு.

மாமா ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி இரண்டு துண்டாகச் செய்து, வரிசையாக ஓட்டை போட்டுவிடுவது. லான் வளர வளர, திருகைக் கழற்றி ஓர் ஓட்டை இறக்கினால் இரும்பும் வளரும். பூட்ஸை அந்த ஊர்ச் செருப்புக்காரர் மாற்றித் தருவார். எல்லாம் சரி, எதுவரை ஓட்டை போடுவது? கண்டபடி போட்டால் இரும்பு ஒடிந்துபோகும்.

"முழுசா வளந்தா எம்புட்டு இருப்பான்னு தெரிஞ்சாப் போதும்" என்றார் மாமா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தயாராகக் காலை நீட்டினேன். ஆனால் என்னிடம் இருந்தது அன்றைக்கு இருந்த கால் மட்டும்தான்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். என்னை நகரச் சொல்லிவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். புடவையை முழங்காலுக்குமேல் ஏற்றி, இடது காலை நீட்டினாள். அம்மாவின் முழங்காலை அன்றுதான் முதலில் பார்த்தேன். துணிக்கடைக்காரர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இத அளந்துக்க" என்றாள் மாமாவிடம். "எங்க வூட்டுப் பொண்ணுவோ இதுக்கு மேல வளராதுவோ. இவளும் அந்தப் புள்ளயும் ஒரே ஒசரந்தான? ரெண்டு வருசமா ஒன் கால்சட்டையில கோடு ஏறுறத நாந்தான் தொவைக்கிறேன்."

மாமா தாளை விரித்தார். பென்சில் அம்மாவின் மெட்டிக்குப் பக்கத்தில் போகும்போது, சிரித்தால் கோணலாகிவிடும் என்று மாமா அவளை மிரட்டவில்லை. சாயங்காலத்துக்குள் பட்டறைக்குப் போய் இரும்பை முடித்துக் கொண்டுவந்தார். துணிக்கடைக்காரர் அதைக் கைலியில் சுற்றி, பூட்ஸை வெளியே தெரியவிட்டு, சுவரைப் பார்த்தபடியே அம்மாவுக்குக் கைகூப்பிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம். இத்தனை வருஷம் என் கால்தான் அளவு. கடைசியில் என் காலுக்கு என்ன குறை வந்தது? விமானத்தில்கூட அம்மாவோடு பேசவில்லை. ஒரு பெண்ணுக்கு மிச்சமிருந்த வளர்ச்சி முழுவதையும் அவர்கள் ஒரே மத்தியானத்தில் ஒரு தாளில் மடித்துக்கொடுக்கப் பார்த்தார்கள் என்று எனக்கு அன்று புரியவில்லை. வளர்ச்சி அம்மாவோடு நின்றுவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மாமா வரவில்லை. லானைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவளுக்குப் போன கடைசி இரும்பில் ஓட்டைகள் அம்மாவின் கால் அளவு வரைதான்.

இப்போது நான் அம்மாவைவிட நான்கு விரல் உயரம்.