தராசு டீச்சர் கிழிக்கும் கோடு

பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, போன வருடத்து வினாத்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழிக்கிறார் டீச்சர். அளவுகோல் கிடையாது. இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் கணக்குப் போட்ட கை என்பதால் கோடு நேராகத்தான் விழும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். பேண்ட்டின் இரண்டு முழங்காலிலும் சிமெண்டுக் கறை. மகளை ஒன்பதாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று நாலு பேரிடம் கேட்டு நாற்பது பதில் வாங்கி, குழம்பிப்போய் வந்திருக்கிறார்.

"இந்தப் பக்கம் நல்லது. அந்தப் பக்கம் கெட்டது. ரெண்டையும் எழுதித் தர்றேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, உக்காந்து யோசிச்சிட்டு வாங்க."

ஊருக்கு நடுவே, பேருந்து நிலையத்தை ஒட்டி நிற்கும் அரசு மேல்நிலைப்பள்ளி அது. இரண்டாயிரத்து முந்நூறு பிள்ளைகள். சேர்க்கை மாதம் வந்தால் தாழ்வாரத்தில் மேசையைப் போட்டு கணக்கு டீச்சரை அதில் உட்கார வைத்துவிடுவார்கள். மின்விசிறி எட்டாத இடம் என்பதால் அந்த நாற்காலிக்கு வேறு யாரும் போட்டிக்கு வருவதில்லை.

இடது பக்கத்தில் அவர் எழுதுவது ஏறக்குறைய மனப்பாடம். இங்கே ஆசிரியர்கள் வருடத்துக்கு மூன்று முறை மாற மாட்டார்கள். ஆய்வகம் உண்டு, அதில் பிள்ளைகளைத் தொடவும் விடுவார்கள். எந்த வகுப்பிலும் ஆசிரியரைத் திணறடிக்கும் கேள்வி கேட்க ஐந்தாறு பேர் இருப்பார்கள். உங்க அப்பா என்ன வேலை என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள். பிறகு பேனா வலது பக்கம் போகும். வகுப்புக்கு ஐம்பத்தெட்டுப் பேர். கடைசி வரிசையில் தூங்கினால் எழுப்ப நாதி இல்லை. இயற்பியலுக்கு ஆள் போட்டு எட்டு மாதமாகிறது, ஆள்தான் வந்து சேரவில்லை. வாரம் ஒரு சண்டை நிச்சயம். கடைசியாகக் கழிப்பறை என்று ஒற்றைச் சொல்லை எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போடுவார். அதற்கு மேல் விளக்கம் தருவதில்லை.

தலைமையாசிரியைக்கு இது பிடிக்காது. "நீங்க பிள்ளைங்களச் சேக்குறீங்களா, வெரட்டுறீங்களா?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார்.

"தெரிஞ்சே வரட்டும் மேடம். தெரியாம வந்தா ஆறு மாசத்துல டி.சி. கேட்டு வந்து நிப்பாங்க. அதையும் நான்தான் எழுதணும்" என்று சலித்த குரலில் பதில் வரும்.

பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் தராசு. டீச்சருக்கும் தெரியும். வைத்தது எந்த வருடத்துப் பத்தாம் வகுப்பு, எந்தப் பிரிவு என்பது வரைக்கும் தெரியும்.

பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வண்டி திரும்பும்போது பிரேக் போடுகிற சத்தத்தில் எதுவும் கேட்காது. அதனால் டீச்சர் பேச்சைப் பாதியில் நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடருவார். இப்போது அது வீட்டிலும் வருகிறது. மிக்ஸி ஓடினாலும் நிறுத்துகிறார், யாராவது நாற்காலியை இழுத்தாலும் நிறுத்துகிறார். "பஸ் போயிடுச்சு, சொல்லு" என்பார் கணவர்.

இன்னொன்று அவருடைய கைப்பையில் இருக்கிறது. மாணவிகளின் கழிப்பறையில் ஆறு குழாய்கள். திறந்து மூடும் பிடி ஒன்றில்கூட இல்லை, வெறும் தண்டுதான் நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாகப் போட்டால் ஒரே வாரத்தில் யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் டீச்சரே ஒரு பிடியைக் கழற்றி, சிவப்பு நூல் கட்டி, பையில் போட்டுக்கொண்டார். வகுப்பு நடக்கும்போது ஒருத்தி வாசலில் வந்து நின்றால் கேள்வியே கிடையாது. ஒரு கை சமன்பாட்டை எழுதிக்கொண்டிருக்கும், இன்னொரு கை பிடியை நீட்டும். "வேலை முடிஞ்சதும் நேரா எங்கிட்டதான் வரணும், அது." விடுமுறை நாளிலும் பைக்குள் அது கிடக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்.

டைல்ஸ்காரர் தாளை வாங்கி நாலாக மடித்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க பொண்ணு எங்க படிக்குது டீச்சர்?"

வருடா வருடம் யாராவது இதைக் கேட்பதுதான். "அது சின்னது. வீட்டுப் பக்கத்துலயே ஒரு ஸ்கூலுக்குப் போகுது" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு சரி. மகள் இந்த வருடம் எட்டை முடித்துவிட்டாள். டீச்சர் ஒரு பேருந்து வந்து திரும்பாதா என்று பார்த்தார். அன்றைக்கென்று ஒன்றும் வரவில்லை.

"இன்னும் முடிவு பண்ணல" என்றார். டைல்ஸ்காரர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த மரியாதைதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. நல்ல பெயருள்ள தனியார் பள்ளி; இடம் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். கணவர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். குரலை உயர்த்துகிற ஆள் இல்லை.

"சாயங்காலம் வந்தா செருப்பக் கழட்டக்கூட உனக்குத் தெம்பு இருக்கிறதில்ல. அந்த எடத்துக்கே அவளையும் அனுப்பணுமா? பைப்பத் தொறக்கப் பிடி இல்ல அங்க. ஐம்பத்தெட்டுப் பேருல ஒருத்தியா ஒக்காரணும்."

கணவர் சொன்ன ஒவ்வொன்றும் டீச்சரே கைப்பட எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்த வலது பக்கம்தான். அடுத்தவர் பிள்ளைக்கு ஐம்பத்தெட்டு என்பது ஓர் எண். தன் பிள்ளையை ஐம்பத்தெட்டாவதாக உட்கார வைத்துப் பார்த்தபோது பயம் வந்தது. அந்தப் பயத்தில் மகளை வேறு பள்ளியில் சேர்த்தால், அடுத்த வருடம் அதே மேசையில் உட்கார்ந்து எந்த முகத்தோடு கோடு கிழிப்பது என்றும் தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் மகளே கேட்டுவிட்டாள். அதிகம் பேசாத பெண். பேசினால் பதில் வாங்காமல் நகர மாட்டாள். "எல்லாருக்கும் பேப்பர் போட்டுக் குடுக்குற. எனக்கு ஏம்மா போட்டுத் தரல?"

டீச்சர் ஒரு தாளை எடுத்தார். கோடு கோணலாக விழுந்தது. இடது பக்கம் பேனாவை வைத்தார், வலது பக்கம் வைத்தார், ஒன்றும் எழுத வரவில்லை. மகள் பேனாவை வாங்கிக்கொண்டாள். நல்லது என்ற பக்கத்தில் 'அம்மா இருப்பா' என்று எழுதினாள். கெட்டது என்ற பக்கத்திலும் 'அம்மா இருப்பா' என்றே எழுதினாள்.

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். பிறகு எழுந்துபோய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து இன்னொரு தடவை கழுவினார்.

"வேற என்ன எழுதுறதுன்னு எனக்குத் தெரியலம்மா. நான் உள்ள வந்து பாத்ததே இல்லியே" என்றாள் மகள், சமையலறை வாசலில் நின்று.

அதனால் வெள்ளிக்கிழமை அவளும் கூட வந்தாள். ஒரு ஸ்டூலைப் போட்டு அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். சேர்க்கைக்குக் கடைசி நாள். வரிசை படிக்கட்டைத் தாண்டி நின்றது. தனியார் பள்ளிக் கடிதம் குழாய்ப்பிடியோடு ஒரே பையில் கிடந்தது. கணவர் மூன்றரைக்கே அந்தப் பள்ளி வாசலுக்குப் போய்விடுவதாகவும், மகளைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வந்து சேருவதாகவும் பேச்சு. யாரும் அதை முடிவு என்று சொல்லவில்லை.

மூன்று மணி வாக்கில் மகள் எழுந்து கழிப்பறைப் பக்கம் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அம்மா, பைப்புல பிடியே இல்ல."

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் இதைக் கேட்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கடிதத்தை விலக்கிப் பிடியை எடுத்து நீட்டினார். அத்தனை பிள்ளைகளிடமும் சொன்னதையே இவளிடமும் சொன்னார். "நேரா எங்கிட்டதான் வரணும், அது."

பத்து நிமிடம் ஆயிற்று. இரண்டு பேருக்குக் கோடு கிழித்தாயிற்று. மூன்றாமவருடைய மகனின் பிறந்த தேதியை டீச்சர் தப்பாக எழுதி அடித்தார். மகள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள், வெறுங்கையோடு.

"பிடி எங்க?"

"அங்க இன்னும் நாலு பேரு நின்னாங்கம்மா. ஒருத்திகிட்ட குடுத்துட்டு வந்தேன். கடைசியா போறவ டீச்சர்கிட்ட குடுத்துடணும்னு சொல்லியிருக்கேன்."

"தெரிஞ்ச பொண்ணா?"

"இல்ல. இன்னிக்குத்தான் சேர வந்திருக்கா. அவங்க அப்பா டைல்ஸ் ஒட்டுறாராம். எனக்குப் பிடிய மாட்டவே வரலம்மா, வழுக்கிட்டே இருந்துச்சு. நூல உள்ள விட்டு அழுத்துன்னு அவதான் காட்டிக் குடுத்தா. அங்க ரொம்ப நாத்தம்" என்றாள் மகள், அதையும் மறைக்காமல். பிறகு ஸ்டூலில் உட்காராமல் கழிப்பறை இருந்த திசையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பிடி டீச்சர் கைக்கு வராமல் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போனதில்லை. டீச்சர் எதுவோ சொல்ல வாயெடுத்தார். வெளியே ஒரு பேருந்து பிரேக் போட்டது. சத்தம் அடங்கிய பிறகும் அவர் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

மூன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. "எங்க வந்துட்டிருக்க?" என்றார் கணவர்.

"நீங்க அங்க நிக்க வேணாம். இங்க வாங்க."

"நல்லா யோசிச்சிட்டியா?"

"இல்ல" என்றார் டீச்சர். "பயமாத்தான் இருக்கு. வாங்க."

பேனாவை மூடினார். கடைசி நாள் என்று பக்கத்தில் மேசை போட்டிருந்த அறிவியல் டீச்சரிடம், "கொஞ்சம் என் சீட்டுல உக்காருங்க, வந்துடுறேன்" என்றார். விண்ணப்பக் கட்டிலிருந்து ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வெளியே வந்தார். பெற்றோர் பக்கமிருந்து அந்த மேசையை அவர் பார்த்ததே இல்லை. வரிசை நெடுக நடந்து, படிக்கட்டுக்குக் கீழே கடைசி ஆளாக நின்ற டைல்ஸ்காரருக்குப் பின்னால் போய் நின்றார். டைல்ஸ்காரர் பதறி விலகி, "நீங்க முன்னாடி போங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் தலையை ஆட்டி மறுத்தார். கைப்பையை அடியில் கொடுத்து, விண்ணப்பத்தை அதன்மேல் விரித்து, நின்றபடியே முதல் வரியில் மகளின் பெயரை எழுதத் தொடங்கினார்.