தம்பியின் உதட்டு நிறம்

என் தம்பியின் உதடு நாவற்பழம் தின்றவன் உதடு போல இருக்கிறது என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அவன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பல் முளைக்காத பிள்ளை நாவற்பழம் தின்றிருக்க வழியில்லை என்பதால் வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. பெரியவர்களைக் கேட்டேன். ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, டியூப் லைட் வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும் என்றார். தச்சநல்லூரிலிருந்து அம்மாவுக்குப் பேறுகாலம் பார்க்க வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, தங்கள் வம்சத்தில் ஆண் பிள்ளைகளுக்கு உதடு கறுப்புத்தான் என்றாள். நான் அப்பாவின் பக்கத்தில் போய் நின்று அவர் உதட்டை உற்றுப் பார்த்தேன். அது எல்லார் உதட்டையும் போலத்தான் இருந்தது. அம்மா எந்தக் காரணமும் சொல்லவில்லை. நான் கேட்டதும் தம்பியை என் பார்வையிலிருந்து மறைப்பதுபோலத் தோளில் போட்டுக்கொண்டாள்.

டியூப் லைட்டின் குற்றமா என்று பார்க்க, பகலில் அவனைக் கிடத்தியிருந்த பாயை ஜன்னலோரமாக இழுத்து வைத்துப் பார்த்தேன். வெயிலிலும் அதே நிறம்தான். நகக்கண்களும் அப்படியே. அழுதால் இன்னும் கறுத்தன. மூச்சு முட்டினால் அப்படி ஆகும்போலும் என்று நினைத்து, கண்ணாடி முன்னால் நின்று என்னால் முடிந்த மட்டும் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். உதடு மாறவில்லை. கண்தான் பிதுங்கியது.

"ஏட்டி, கண்ணாடிக்கு முன்னால நின்னு என்ன கூத்துக் காட்டுத?" என்று அத்தை அதட்டினாள்.

தம்பி பால் குடிப்பதும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. இரண்டு வாய் குடிப்பான், விட்டுவிட்டு மூச்சு வாங்குவான், மறுபடி இரண்டு வாய். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்துவிடும். பால் குடிப்பது அவ்வளவு பாடுபட்டுச் செய்ய வேண்டிய வேலையா என்று நினைத்துக்கொள்வேன். அம்மா அவனுக்குப் படுத்தபடி பால் கொடுத்ததே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கொடுப்பாள். குடித்து முடித்த பிறகும் நெடுநேரம் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருப்பாள். அத்தை ஒருநாள், "இந்தத் தடவையாவது கண்ணசராமக் குடு" என்றாள். அம்மா குனிந்து அவன் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். தினமும் பலமுறை பால் கொடுக்கிறவளுக்கு ஒரு தடவை கண்ணசந்தது ஒரு பெரிய குற்றமா என்று எனக்கு அத்தை மேல் கோபம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் அப்பாவும் வீட்டுக்கு வந்தபோது தம்பி பால் குடிக்கவே மறுத்துக்கொண்டிருந்தான். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. சளி கட்டியிருக்கும், தைலம் தேய்த்தால் சரியாகும் என்றாள் அத்தை. காலையில் டாக்டரிடம் காட்டலாம் என்றார் அப்பா.

"இது சளி இல்ல மதினி. எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. பிறகு அப்பாவைப் பார்த்து, "இப்பமே ஆட்டோ பிடிச்சிட்டு வாங்க" என்றாள். அம்மா அப்பாவுக்கு உத்தரவு போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா சட்டைப் பித்தானைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினார். அம்மாவுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடியவள் நான்தான். எனக்கோ ஆட்டோவில் ஜன்னலோரம் கிடைக்குமா என்ற கவலை.

குழந்தைகள் டாக்டர் தம்பியின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். நர்ஸ் அவன் பாதத்தில் சிவப்பு வெளிச்சம் எரியும் ஒரு பட்டையைச் சுற்றினாள். பட்டையோடு சேர்ந்திருந்த பெட்டியில் ஒரு எண் வந்தது. அது என்ன எண் என்று கேட்டேன். ரத்தத்தில் எவ்வளவு காற்று சேர்ந்திருக்கிறது என்று காட்டும் எண் என்றாள். எனக்கும் போட்டுப் பாருங்கள் என்று விரலை நீட்டினேன். அவள் நல்ல மனுஷி. என்னுடைய எண் நூற்றை ஒட்டி வந்தது. தம்பியுடையது எண்பதைத் தொடவே பாடுபட்டது. பரீட்சையில் முந்திவிட்டதுபோல எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் விரலை எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே அம்மாவும் அப்பாவும் தம்பியை ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அத்தைக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை; என்னை விட்டுவிட்டுப் போக வேறு ஆள் இல்லாததால் நானும் அவளும் பின்னாலேயே பஸ்ஸில் போனோம்.

மதுரையில் இதய டாக்டர் ஒரு பெண். மேஜைமேல் பிளாஸ்டிக்கில் செய்த இதயம் ஒன்றை வைத்திருந்தார். அதைத் திறந்து மூடலாம். என் கண் அதைவிட்டு நகரவில்லை.

"நுரையீரல்ல சுத்தமான ரத்தம் நாலு குழாய் வழியா இதயத்தோட இடது பக்கத்துக்கு வரணும். அங்க இருந்துதான் உடம்புக்குப் போகும்" என்று அவர் அந்த இதயத்தைத் திறந்து காட்டினார். "இவனுக்கு அந்த நாலு குழாயும் இடது பக்கத்துல சேரவே இல்ல. சுத்திப்போய் வலது பக்கத்துல சேருது. அது கெட்ட ரத்தம் வர்ற இடம். ரெண்டும் கலந்திருது. அதனாலதான் உதடு நீலமா இருக்கு."

எனக்கு ஒரு இடத்தில் கணக்கு உதைத்தது. "இடது பக்கத்துக்கு ஒண்ணுமே வரலைன்னா, இவ்வளவு நாள் எப்படி உயிரோட இருந்தான்?" என்று கேட்டுவிட்டேன். அத்தை என் தொடையில் கிள்ளினாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "நல்லாக் கேட்டே. ரெண்டு மேலறைக்கும் நடுவுல இருக்கிற சுவர்ல ஒரு ஓட்டை இருக்கு. கலந்த ரத்தம் கொஞ்சம் அது வழியா இடது பக்கம் போகுது. அந்த ஓட்டைதான் இவனை இதுவரைக்கும் காப்பாத்திருக்கு."

குழாய்களை இடது பக்கத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டு, அந்த ஓட்டையை அடைத்துவிட வேண்டும் என்றார். சீக்கிரமே செய்ய வேண்டும், ஆபத்து உண்டு, செய்யாவிட்டால் பிழைக்க மாட்டான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நான் அந்த ஓட்டையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் அவனைக் காப்பாற்றியதை அடைத்துவிடுவது நன்றிகெட்ட செயலாக எனக்குத் தோன்றியது.

அறுவை சிகிச்சை நடந்த அன்று அத்தை முக்காடு போட்டுக்கொண்டு வாய்விட்டு ஜெபம் செய்தாள். அப்பா நடந்துகொண்டே இருந்தார். அம்மா கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, பேசவில்லை, அத்தை கொடுத்த காபியையும் தொடவில்லை. மாலையில் பச்சை உடை போட்ட டாக்டர் வெளியே வந்து, "இதயம் நல்லா வேலை செய்யுது. ரெண்டு மூணு நாள் தாண்டணும்" என்றபோது அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதும் அம்மா அழவில்லை.

சில நாள் கழித்துக் கண்ணாடி வழியாகத் தம்பியைக் காட்டினார்கள். உடம்பெல்லாம் குழாய். நான் தேடியது உதட்டை. அது என் உதட்டைப் போல இருந்தது. சாதாரண உதடுதான். ஆனால் அவ்வளவு அழகான உதட்டை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன்பு கடைசியாக ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். இருட்டறை. அம்மா கட்டிலருகே, அத்தையும் நானும் சுவரோரம். திரையில் தம்பியின் இதயம் சிவப்பும் நீலமுமாகத் துடித்தது. நீலம் கெட்ட ரத்தமா என்று கேட்டேன். இல்லை, நம்மை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம் என்றார் டாக்டர். எல்லாம் சரியாகச் சேர்ந்திருக்கிறது, இனிமேல் பயமில்லை, அவ்வப்போது கூட்டி வந்து காட்டினால் போதும் என்றார்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"டாக்டர், மூத்ததுக்கும் இதேதான் இருந்திருக்குமோ? அதுக்கும் பால் குடிக்கையில இப்படித்தான் வேர்க்கும். ஒதடு இப்படித்தான் கறுத்துக் கெடந்துச்சு."

டாக்டர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். "எத்தனை மாசத்துல?"

"ரெண்டு மாசம் முடியல. பால் பொரையேறிட்டுன்னு சொன்னாங்க. நான் பாக்காம கண்ணசந்துட்டேன்னு."

டாக்டர் அம்மாவின் தோளில் கை வைத்தார். "இருந்திருக்கலாம்மா" என்றார். "அப்போ பாக்காம இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. அபூர்வமா ஒரே வீட்ல ரெண்டு பிள்ளைகளுக்கு வர்றது உண்டு. ஆனா நீங்க சொல்ற மாதிரி வேர்த்து, கறுத்து இருந்துச்சுன்னா, அது நீங்க குடுத்த பாலால வந்தது இல்ல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மூத்தது என்றால் நான்தானே! எனக்குப் புல்லரித்தது. எனக்கும் அந்த நோய் இருந்திருக்கிறது, புரையேறியிருக்கிறது, தானாகவே சரியாகியும் போயிருக்கிறது. "அப்போ எனக்கும் பாருங்க" என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறிவிட்டேன். டாக்டர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என் நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, என் இதயத்தை எனக்குக் காட்டினார். நாலு குழாயும் ஒழுங்காக இடது பக்கம் வந்து சேர்ந்தன. "தங்கமா இருக்கு" என்றார்.

அதைக் கேட்டு அம்மா, அத்தனை நாளும் அழாத அம்மா, கட்டில் விளிம்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அறைக்கு வெளியே கேட்கும்படி அழுதாள். அத்தை சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனாள். டீ குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தவள், "நான்தாம்மா சொன்னேன், நான்தான் சொன்னேன்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை.

என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது டாக்டர் எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை. ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே ஒரு விடியற்காலையில் அம்மாவின் பக்கத்திலேயே மூச்சை நிறுத்திவிட்டது. பால் மூச்சுக்குழலில் போய்விட்டது என்று அத்தை சொன்னதை எல்லாரும் நம்பினார்கள், அம்மாவும் நம்பினாள். அதைப் பற்றி டாக்டரிடம் கேட்க, தம்பி பிழைத்தெழும்வரை காத்திருந்திருக்கிறாள்.

எனக்கு அன்று இதொன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் போனதும் சிநேகிதிகளைக் கூட்டி உட்காரவைத்து, எங்கள் அம்மாவுக்குத் தம்பியைவிட என்மேல்தான் உயிர், நான் நன்றாக இருக்கிறேன் என்று டாக்டர் சொன்னதும் எப்படி அழுதாள் தெரியுமா என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். என் இதயம் எப்படி இருக்கும் என்றுகூடக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். எந்தக் குழாய் எங்கே சேர வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. மூத்தவள் நான் இல்லை என்பது மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.